வேலையைத் தேடிச் செல்லும் வீடுகள்

பயிர்த்தொழிலுக்குப் பருவம் உண்டு. மீன்பிடித் தொழிலுக்கும் பருவம் உண்டு. விதைக்குங் காலம், அறுக்குங் காலம், காற்று மாறிக் கடல் அடங்குங் காலம் என்பவற்றை நாம் நன்கு அறிவோம். ஆனால், கடைப் பண்டங்களைப் பெட்டியில் இட்டு அனுப்பும் தொழிலுக்கும் ஓர் அறுவடைக் காலம் உண்டு என்பதும், அந்த அறுவடைக்கு ஆள் சேர்ப்பதற்காக மிகப் பெரிய வர்த்தகத் தாபனம் ஒன்று வண்டிகளிலே குடியிருக்கும் முதியோரை நாடெங்கிலுமிருந்து அழைத்தது என்பதும் நம்மிற் பலருக்குப் புதிய செய்தியாக இருத்தல் கூடும். ஐக்கிய அமெரிக்காவிலே 2008ஆம் ஆண்டு முதல் 2023ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நிலவிய அந்த ஏற்பாட்டையும், அதிற் பங்குபற்றியோரின் அன்றாட வாழ்க்கையையும் பற்றியே இன்று சில விளக்கங்களைக் கூற விரும்புகின்றேன்.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலும் திருநாள். அதற்கு அடுத்த நாளிலிருந்து நத்தார் வரையுள்ள நான்கு வாரங்களிலே மக்கள் பரிசுப் பொருள்களை வாங்கிக் குவிக்கின்றனர். கடைத்தெருவுக்குப் போகாமல், வீட்டில் இருந்தவாறே கணினி மூலம் பொருள்களை வரவழைக்கும் வழக்கம் பெருகிய பின்னர், இந்த நெருக்கடி முழுவதும் களஞ்சியசாலைகளின் மேல் வந்து விழுந்தது. அமேசன் என்னும் தாபனத்தின் களஞ்சியசாலைகள் சில சிறிய ஊர்களிலே அமைந்திருந்தன. கென்டக்கி மாநிலத்தில் உள்ள காம்பெல்ஸ்வில் அத்தகைய ஓர் ஊர். அங்கே பலருக்குத் தொழில் கொடுத்த ஆடைத் தொழிற்சாலை 1998ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மறு ஆண்டில் அமேசன் அங்கு வந்து சேர்ந்தது. ஆண்டின் ஒன்பது மாதங்களுக்கு அந்த ஊரவரின் உழைப்பே போதுமானதாக இருந்தது. ஒக்டோபர் பிறந்ததும் மேலும் பல கைகள் வேண்டியிருந்தன. நத்தார் கழிந்த மறுநாளோ அந்தக் கைகளுக்கு அங்கே வேலை இல்லை.

மூன்று மாத வேலைக்காக யார் வீடு மாறி வருவார்? வந்தவர்களை எங்கே தங்க வைப்பது? இந்த வினாக்களுக்கு விடையாகவே கன்சாஸ் மாநிலத்தின் கொபிவில் என்னும் ஊரில் 2008ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனை தொடங்கிற்று. மோட்டார் வண்டியையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகச் செல்லுவோரை அத்தாபனம் வேலைக்கு அழைத்தது. அவர்கள் வந்தால் வீடும் உடன்வரும். வண்டியை நிறுத்தும் முகாம் நிலத்துக்கு உரிய வாடகையைத் தாபனம் கொடுத்தாற் போதும். பரிசோதனை பயன் தந்தது. பின்னர் கென்டக்கி, நெவாடா, தென்னசி, டெக்சாஸ் முதலிய மாநிலங்களிலும் இம்முறை பரவிற்று. முகாம் படை என்று பொருள்படும் ‘காம்பர் போர்ஸ்’ என்ற பெயரை அதற்குச் சூட்டினர்.

இப்படையிற் சேர்ந்தோர் யாவர்? அவர்களிற் பெருந்தொகையானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். எழுபதைக் கடந்தோரும் இருந்தனர். ஆசிரியர், கணக்காளர், தச்சர், உணவுச்சாலைப் பணியாளர் எனப் பல தொழில்களையும் செய்து களைத்தவர்கள். நாடு பார்க்கும் விருப்பத்தினால் விரும்பியே வண்டி வாழ்வை மேற்கொண்டோர் சிலர் இருந்தனர். வேறு வழியில்லாது அதனை மேற்கொண்டோர் பலர். 2008ஆம் ஆண்டில் ஏற்பட்ட நிதி நெருக்கடியிலே இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஈடுவைத்த வீடுகளை மீட்க முடியாமல் இழந்தன; முதுமைக்கென்று பங்குகளில் இட்ட சேமிப்பும் பலருக்குக் கரைந்து போயிற்று. எஞ்சியது அரசாங்கம் வழங்கும் முதியோர் உதவி. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட அந்த உதவி, 2015ஆம் ஆண்டளவில் சராசரியாக மாதம் 1300 டொலர் அளவில் இருந்தது. குறைந்த சம்பளத்திற் காலம் கழித்தோருக்கும், பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்டிருந்த பெண்களுக்கும் அதனிலும் குறைவாகவே கிடைத்தது. அக்காலத்தில் அறுபத்திரண்டு வயதிலேயே அதனைப் பெறத் தொடங்கியோர் முழுத்தொகையிற் காற்பங்கை வாழ்நாள் முழுவதற்கும் இழந்தனர். வீட்டு வாடகை கொடுத்தபின் உணவுக்கும் மருந்துக்கும் என்ன எஞ்சும் என்று கணக்கிட்டுப் பார்த்தவர்கள், வாடகையை நீக்கினாலன்றி வாழ முடியாது என்ற முடிவுக்கு வந்தனர். பழைய வண்டி ஒன்றை வாங்கினர், தட்டுமுட்டுகளை விற்றனர், தெருவில் இறங்கினர்.

இவ்வண்டிகள் பலவகைப்படும். பேருந்து போன்ற பெரிய வண்டியும் உண்டு. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு கூடும் உண்டு. சாமான் ஏற்றும் வானுக்குள்ளே கட்டில் ஒன்றை அமைத்துக்கொண்டோரும் உண்டு. முகாம் நிலம் என்பது இவ்வண்டிகளை வரிசையாக நிறுத்துவதற்குப் பிரித்துவிடப்பட்ட வெளியாகும். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய இடத்திலே மின்சாரத் தூண், தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வாய் என்னும் மூன்றும் இருக்கும். வண்டி வந்து நின்றதும் கம்பியையும் குழாய்களையும் அவற்றோடு பூட்டிவிட்டால் அது வீடாகிவிடும். கழற்றிவிட்டால் மீண்டும் வண்டியாகிவிடும்.

ஆயினும் இக்கூடுகளிற் பெரும்பாலானவை கோடைகால உல்லாசப் பயணத்துக்கென்றே செய்யப்பட்டவை. சுவர் மெல்லியது. நெவாடாப் பாலைநிலத்திலும் கன்சாஸ் சமவெளியிலும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலே இரவிற் குளிர் நீர் உறையும் நிலைக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். ஆகவே அனுபவம் உள்ளோர் குழாயைச் சுற்றி மின்சாரத்தாற் சூடேறும் பட்டியைச் சுற்றிவிடுவர். வண்டியின் அடிப்பாகத்தைச் சுற்றி நுரைப்பலகைகளை அடைத்துக் குளிர்காற்றைத் தடுப்பர். பின்னேரமே வாளிகளில் நீர் பிடித்து வைப்பர். புரொப்பேன் வாயுச் சிலிண்டர் நடுச்சாமத்தில் முடிந்துபோனால், எழுந்து வெளியே சென்று மாற்ற வேண்டும். வேலை முடிந்து வரும் மனிதனுக்கு வீட்டிலும் ஒரு வேலை காத்திருக்கும்.

இனி, களஞ்சியசாலையின் ஒரு நாளைப் பார்ப்போம். ஒரு முறை வேலை என்பது பத்து மணி நேரம். வாரத்துக்கு நான்கு நாள். நெருக்கடி முற்றியதும் ஐந்தாம் நாளும் கட்டாயமாகும். பகல் முறையும் உண்டு. இரவு முறையும் உண்டு. இரவு முறையினர் பகலில் உறங்குவதற்காக வண்டியின் கண்ணாடிகளை அட்டைகளால் மறைத்துக்கொள்ளுவர். வேலை தொடங்குமுன் எல்லாரும் கூடி நின்று கைகால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்வர். புதிதாக வந்தோருக்கு முதற் சில நாள்கள் அரைநாள் வேலையே கொடுக்கப்பட்டது. நெடுநேரம் நிற்பதற்கும் நடப்பதற்கும் உடம்பைப் பழக்குவதே அதன் நோக்கம்.

களஞ்சியசாலையின் ஒழுங்கு நமது கடைகளின் ஒழுங்கைப் போன்றதன்று. புத்தகம் ஓரிடம், சட்டி ஓரிடம், பொம்மை ஓரிடம் என்று அங்கே வகுத்து வைப்பதில்லை. தட்டில் எந்த அறை வெறுமையாக உள்ளதோ அந்த அறையிலே கையில் உள்ள பொருளை வைத்துவிடுவர். பல்விளக்கும் தூரிகைக்குப் பக்கத்தில் அகராதி ஒன்று கிடக்கும். எது எங்கே உள்ளது என்பதைக் கணினி மட்டுமே அறியும். பொருளை எடுப்பவரின் கையிலே ஒரு சிறு கருவி இருக்கும். அடுத்து எந்த வரிசைக்கு, எந்தத் தட்டுக்குப் போகவேண்டும் என்பதை அது காட்டும். பொருளின் மேல் அச்சிடப்பட்ட கோட்டுக் குறியை அக்கருவியின் முன் பிடித்தால், எடுத்தாயிற்று என்பது பதிவாகும். ஒரு பொருளிலிருந்து மறு பொருளுக்குச் செல்ல எடுத்த நேரமும் கூடவே பதிவாகும். மேற்பார்வையாளர் கண்ணெதிரே நிற்கவேண்டிய தேவை இல்லை, கருவியே மேற்பார்வையாளர். நாள் முடியும்போது பத்து மைலுக்கும் அதிகமாக நடந்திருப்போர் பலர். அதுவும் கொங்கிறீற்றுத் தரையில். இடையிடையே குனிந்தும், நிமிர்ந்தும், படியேறியும். மணிக்கட்டு, முழங்கால், குதிக்கால், முதுகு என்பவை நோவது அங்கே பொது அனுபவம். சில களஞ்சியசாலைகளிலே நோவைத் தணிக்கும் குளிசைகளைத் தொழிலாளர் இலவசமாக எடுத்துக்கொள்ளுவதற்குச் சுவரிற் பெட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன என்று, அவர்களோடு பழகி ஆராய்ந்த ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் எழுதியுள்ளார். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நோமட்லாண்ட்’ என்ற அவருடைய நூலைத் தழுவி எடுத்த திரைப்படம் 2021ஆம் ஆண்டிற் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றது.

சம்பளம் எவ்வளவு? 2015ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மணிக்குப் பதினொரு டொலர் முதல் பன்னிரண்டு டொலர் வரை கிடைத்தது. நாடு முழுவதற்கும் சட்டம் விதித்த ஆகக்குறைந்த சம்பளமோ 2009ஆம் ஆண்டு முதல் 7 டொலர் 25 சதமாகவே இருந்து வருகின்றது. அதனோடு ஒப்பிட்டால் இது நல்ல சம்பளமே. ஒருவர் மணிக்கு 11 டொலர் 50 சதம் வீதம் வாரம் நாற்பது மணி நேரம் பன்னிரண்டு வாரங்களுக்கு உழைத்தால், வரி கழிக்குமுன் 5520 டொலர் கிடைக்கும். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு உண்டு. பருவம் முடியும்வரை நின்று பிடித்தவர்களுக்குச் சிறு வெகுமதியும் உண்டு. பழுதான வண்டி இயந்திரத்தைத் திருத்தவும், ஒரு சோடி கண்ணாடி வாங்கவும், கோடைவரை உணவுச் செலவை ஈடுசெய்யவும் இந்தப் பணத்தையே அவர்கள் நம்பியிருந்தனர்.

இங்கே ஒரு வழக்கைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். வேலை முடிந்து வெளியேறும் ஒவ்வொருவரும், பொருள் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்பதைக் காட்டுவதற்காக வரிசையில் நின்று சோதனைக்கு உட்படவேண்டியிருந்தது. அவ்வாறு ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் காத்திருக்க நேர்ந்தது என்றும், அந்த நேரத்துக்கும் சம்பளம் வேண்டும் என்றும், நெவாடாவில் உள்ள அமேசன் களஞ்சியசாலைகளிலே வேலை செய்தோர் தங்களை அங்கே அமர்த்திய ஒப்பந்தத் தாபனத்தின் மேல் வழக்குத் தொடுத்தனர். 2014ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்குத் தீர்ப்பளித்தது. சோதனைக்குக் காத்து நிற்பது, பொருளை எடுத்துப் பொதிசெய்யும் வேலையின் இன்றியமையாத பகுதி அன்று. ஆகவே சமஷ்டிச் சட்டத்தின்படி அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்று ஒன்பது நீதியரசர்களும் ஒருமுகமாகக் கூறினர். சட்டத்தின் கணக்கு அது. நின்றவர்களின் கால்களுக்கு அந்த இருபத்தைந்து நிமிடமும் பத்து மணி நேரத்தோடு சேர்ந்ததாகவே இருந்திருக்கும்.

டிசெம்பர் இறுதியில் முகாம் கலையும். வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்படும். அவற்றிற் பல அரிசோனாப் பாலைநிலத்தில் உள்ள குவாட்சைற் என்னும் சிற்றூரை நோக்கிச் செல்லும். சில ஆயிரம் மக்களே நிலையாக வாழும் அவ்வூரின் சுற்றுப்புறம், மாரிக்காலத்திலே வண்டிகளால் ஒரு பெருநகரம் போல் ஆகிவிடும். அங்குள்ள அரசாங்க வெளிநிலத்திலே செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஏப்பிரில் நடுப்பகுதி வரை தங்குவதற்கு நெடுங்காலமாக 180 டொலரே கட்டணமாக இருந்தது. குழாய் பூட்டும் வசதி அங்கே இல்லை. சூரிய ஒளியால் மின்சாரம் பெற்று, கலங்களில் நீர் சுமந்து வாழவேண்டும். கோடை வந்ததும் காட்டுத் திணைக்களத்தின் முகாம் நிலங்களிலே காவலர் வேலை. வருவோரைப் பதிவுசெய்தல், கழிப்பிடங்களைத் துப்புரவு செய்தல், அடுப்புக் குழிகளிற் சாம்பல் அள்ளுதல் ஆகியவை அவர்களின் கடமை. ஒக்டோபர் தொடக்கத்தில் வட டக்கோட்டா, மினசோட்டா மாநிலங்களில் சீனிக்கிழங்கு அறுவடை. பன்னிரண்டு மணி நேர முறையில் இரவு பகலாக நடைபெறும். வெயில் மிகுந்தாலும் கிழங்கு கெடும். உறைபனி மிகுந்தாலும் கெடும் என்பதால், வேலை எப்போது நிற்கும் என்பதும் வானத்தின் கையில் உள்ளது. அதன்பின் மீண்டும் களஞ்சியசாலை. இவ்வாறு ஆண்டு ஒரு வட்டமாகச் சுழன்றது.

வீட்டுக்கு இலக்கம் இல்லாதவன் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டான். வாகன அனுமதிப்பத்திரம், வாக்குரிமை, வங்கிக் கணக்கு ஆகிய யாவற்றுக்கும் ஒரு விலாசம் வேண்டும். ஆகையால் இவர்கள் தெற்கு டக்கோட்டா, டெக்சாஸ், புளோரிடா ஆகிய மாநிலங்களிலே, கடிதங்களைப் பெற்று அனுப்பிவைக்கும் நிலையங்களின் விலாசத்தைத் தமதாக்கிக்கொள்ளுகின்றனர். தெற்கு டக்கோட்டாவில் ஓரிரவு தங்கியதற்கான பற்றுச்சீட்டைக் காட்டி வாகன அனுமதிப்பத்திரம் பெறலாம். அறுபத்தைந்து வயது நிரம்பினால் அரசாங்க வைத்தியக் காப்புறுதி உண்டு. ஆயினும் பல் வைத்தியத்துக்கு அது பெரிதும் உதவாது. எனவே எல்லையைக் கடந்து மெக்சிக்கோவில் உள்ள லொஸ் அல்கொடோனஸ் என்னும் ஊருக்குச் சென்று குறைந்த செலவிற் பல் கட்டி வருவோர் பலர்.

இவ்வாழ்விலே துன்பம் மட்டுமே உண்டு என்று கூறினால் அது அம்மக்களுக்கு நீதி செய்வதாகாது. வீடற்றோர் என்ற பெயரை அவர்கள் விரும்புவதில்லை. வாடகைக்காரனுக்கு அஞ்சாமல் உறங்கும் இரவும், விடியலில் மலையைப் பார்த்துக் குடிக்கும் கோப்பியும் தங்களுக்கு உரியவை என்று பெருமையோடு கூறுவர். ஒருவர் வண்டி பழுதானால் அயல்வண்டிக்காரர் ஆயுதப் பெட்டியோடு வருவர். ஒரு முகாமிற் பிரிந்தோர் ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இன்னொரு முகாமிற் சந்தித்து உறவு கொண்டாடுவர். இந்தப் பெருமை உண்மையானது. அந்தப் பெருமைக்குப் பின்னால் இருந்த தேவையும் உண்மையானது.

தொழிலாளியின் கூரை யாருடைய பொறுப்பு என்ற வினாவை அமெரிக்க வரலாறு முன்னரும் எதிர்நோக்கியது. 1930களில் புழுதிப் புயலாலும் கடனாலும் நிலமிழந்த குடியானவர்கள் கலிபோர்ணியாவின் தோட்டங்களை நோக்கிப் பழைய கார்களிற் சென்றபோது, சமஷ்டி அரசாங்கம் அவர்களுக்கு முகாம்களை அமைத்தது. அத்தகைய ஆர்வின் முகாமைக் கண்டறிந்தே ஜோன் ஸ்ரைன்பெக் தமது பெயர்பெற்ற நாவலை 1939ஆம் ஆண்டில் வெளியிட்டார். அங்கே கூரையின் பொறுப்பை அரசாங்கம் ஏற்றது. வேறு சில இடங்களிலே தாபனங்களே ஊரைக் கட்டின. நெவாடாவில் எம்பயர் என்னும் ஊர் அவ்வகையானது. அங்கே சுண்ணச்சாந்துப் பலகை செய்த தாபனமே வீடுகளுக்கும் உரிமை பூண்டிருந்தது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் ஆலை மூடப்பட்டதும் வேலையோடு வீடும் போயிற்று. ஊரின் தபாற் குறியீட்டு இலக்கம் கூட நீக்கப்பட்டது. மூன்றாவதாக வந்ததே முகாம் படை. இங்கே கூரையைத் தொழிலாளியே கொண்டு வந்தான். பெற்றோல், ரயர், திருத்தச் செலவு ஆகியவற்றை அவனே ஏற்றான். ஒரு பருவத்துக்கும் மறு பருவத்துக்கும் இடையே உள்ள மாதங்களையும் அவனே சுமந்தான். தாபனத்தின் பொறுப்பு முகாம் வாடகையோடும் மணிச் சம்பளத்தோடும் முடிந்தது. வேலை முடிந்த பின் அவன் எங்கே போவான் என்ற வினாவுக்கு விடை கூறவேண்டிய கடமை எவருக்கும் இருக்கவில்லை.

அமேசன் தாபனம் 2012ஆம் ஆண்டில் இயந்திர மனிதர்களைச் செய்யும் நிலையம் ஒன்றை 775 மில்லியன் டொலருக்கு வாங்கியது. பின்னர் பல களஞ்சியசாலைகளிலே தொழிலாளி தட்டை நோக்கி நடப்பதற்குப் பதிலாகத் தட்டே அவனை நோக்கி வரலாயிற்று. பெரிய நகரங்களுக்கு அண்மையிற் புதிய களஞ்சியசாலைகளும் எழுந்தன. 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முகாம் படை நிறுத்தப்பட்டது. ஒக்டோபர் மாதத்தை நம்பி ஆண்டுக் கணக்கை வகுத்திருந்த முதியோர், வட்டத்தின் ஒரு துண்டு இல்லாமற் போனதைக் கண்டனர். வேறு தொழில்களைத் தேடி வண்டிகள் திரும்பின.

வண்டியைச் செலுத்த முடியாத வயது வந்தால் என்ன செய்வது? 1978ஆம் ஆண்டிலே தோன்றிய ‘எஸ்கேப்பீஸ்’ என்னும் வண்டி வாழ்வோர் சங்கம் இதற்கு ஒரு விடை காண முயன்றது. டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்ரன் நகரில் அது ஒரு பராமரிப்பு நிலையத்தை அமைத்தது. நோயுற்றோரும் முதிர்ந்தோரும் தத்தம் வண்டியிலேயே தங்கியிருக்க, அவர்களுக்கு உணவும் உதவியும் அங்கே கிடைத்தன. சங்கத்தவர் தம்முள்ளே கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு அது. பாராட்டுக்குரியதே எனினும், அது தாங்கக்கூடியவர்கள் ஒரு சிலரே.

நேயர்களே, பருவகால வேலை ஒன்றை மதிப்பிடுவோர் பெரும்பாலும் மணிச் சம்பளத்தையே பார்க்கின்றனர். அது போதாது. பருவம் முடிந்த மறுநாட் காலையில் அத்தொழிலாளி எங்கே விழித்தெழுகின்றான், அடுத்த பருவம் வரை எதை உண்கின்றான், அவனுடைய கைகால்கள் ஓய்ந்தபின் யார் அவனைத் தாங்குகின்றனர் என்பவற்றையும் சேர்த்தே கணக்குப் பார்க்கவேண்டும். வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒருவர், எழுபதாவது வயதிலே பனியில் நின்று உறைந்த தண்ணீர்க் குழாயைச் சூடாக்கிவிட்டு வேலைக்குப் புறப்படுவாராயின், அவருடைய மனவுறுதியை நாம் வியக்கலாம். அத்துடன், அந்த உறுதி அவருக்கு அந்த வயதில் ஏன் தேவைப்பட்டது என்பதையும் நாம் கேட்டல் வேண்டும்.